பாரமான சாமான்

கொழும்புக்கு வந்து ஒன்பது வருடத்தில் ஆறு இடம் மாறினேன். ஆறு முறையும் என் மொத்தச் சாமானும் ஒரு ஓட்டோவுக்குள் அடங்கிவிட்டது. ஒரு பெட்டி, உடுப்பு அடைத்த இரண்டு உரப்பை, கயிற்றால் கட்டிய புத்தகங்கள், காலுக்கிடையில் மேசை விசிறி, மடியில் ரைஸ் குக்கர். ஏழாவது இடத்துக்குப் போனபோதுதான் லொறி பிடிக்க வேண்டி வந்தது. அது 2023 தை மாதம்.

கூட்டாக ஒரு வீடு எடுக்க ஆள் தேடுகிறோம், எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று அண்மையில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். வட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். என்னோடு இருப்பவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஊரையும் தொழிலையும் வைத்தே சொல்கிறேன்.

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் 'பெண் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு' என்று கேற்றில் தொங்கும் மட்டையைக் காணாத ஆள் இல்லை. அந்த மட்டைக்குப் பின்னால் ஒரு சட்டப் புத்தகமே இருக்கும். இரவு எட்டரைக்குக் கேற் பூட்டு. உடுப்பு மினுக்க ஞாயிறு பின்னேரம் மட்டும். பிரிட்ஜில் ஆளுக்கு அரைத்தட்டு. வெள்ளிக்கிழமை மச்சம், மீன் இறைச்சி, கூடாது. சொந்தத் தம்பி வந்தாலும் கேற்றடியில் நின்று கதைத்துவிட்டுப் போக வேண்டும். நான் இருந்த ஒரு வீட்டில் மாதத்தில் மூன்று நாள் குசினிக்குள் போகக்கூடாது. அது எந்த மூன்று நாள் என்று வீட்டுக்கார அன்ரி கணக்கு வைத்திருந்தா. அவ கெட்டவ இல்லை. எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஐந்து நாளும் கஞ்சி காய்ச்சித் தந்தவ. ஆனால் அது அவவின் வீடு. நான் காசு கொடுத்தது ஒரு கட்டிலுக்கும் பாதி அலுமாரிக்கும்.

அந்த ஒன்பது வருடத்தில் என்னோடு அறை பகிர்ந்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஸ்பொன்சர் சரிவர வேண்டும், ஒருத்திக்கு ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை மறுமொழி வர வேண்டும், ஒருத்திக்கு ஊருக்கு இடமாற்றம், மற்றவளுக்குக் கலியாணம். காத்திருக்கிறவள் சுவரில் ஆணி அடிக்க மாட்டாள். திரைச்சீலை தைக்க மாட்டாள். பிளாஸ்டிக் கோப்பையில்தான் சாப்பிடுவாள், பீங்கான் பெட்டிக்குள் உடைந்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன். கொழும்பில் எதையும் வாங்கலாம், தூக்க ஏலாத சாமானை மட்டும் வாங்கக்கூடாது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் கதை வேறு. அந்த வேரையும் 1983 ஆடிக் கலவரம் அசைத்துப் பார்த்தது. ஆனால் போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கொழும்பு ஒரு தரிப்பிடம். லொட்ஜில் அறை எடுப்பது, பொலிஸ் பதிவு, வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவரின் தொலைபேசிக்காகக் காத்திருப்பது. என் அண்ணா அப்படிக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்றவர். 2007 ஜூன் 7ஆம் திகதி, பொலிஸார் லொட்ஜ் லொட்ஜாகப் போய் 376 தமிழரை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அண்ணா அன்றைக்கு முந்தின இரவு ஒரு சிநேகிதனின் வீட்டில் படுத்ததால் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. வடக்குக்குப் போகும் ஏ9 பாதை பூட்டியிருந்த காலம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய அம்மாவுக்கு இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கொழும்பு என்றால் கடகடவென்று எழுப்பி அனுப்பிவிடக் கூடிய இடம். நான் ஒரு அலுமாரி வாங்கட்டுமா என்று கேட்டபோது அவ சொன்னது இதுதான்: "என்னத்துக்குப் பிள்ளை? நாளைக்கு வெளிக்கிட வேண்டி வந்தா ஆர் காவுறது?"

நான் தேடியது ஆளைத்தான் என்று அப்போது நினைத்தேன். பாரத்தைக் காவ, அதாவது தூக்கிச் சுமக்க, யோசிக்காத ஆளைத் தேடினேன் என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் ஆள் காஸ் வரிசையில் கிடைத்தாள். 2022 வைகாசி, பொருளாதார நெருக்கடிக் காலம். பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களைக் கடந்து வந்திருந்தோம். 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபா, அந்த விலைக்கும் கிடையாது. நான் அப்போது ஒரு அனெக்ஸில், ஒரு வீட்டோடு ஒட்டிய சிறு பகுதியில், இருந்தேன். சிலிண்டர் எடுத்து வந்தால் நீயும் சமைக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியோரம் ஐம்பது அறுபது வெறுஞ் சிலிண்டர் வரிசையாக நிற்கும். களவு போகாமல் நடுவால் ஒரு சங்கிலி ஓடும். எனக்கு முன்னால் நின்றவள் ஆஸ்பத்திரித் தாதி, மட்டக்களப்புக்காரி. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "டியூட்டிக்குப் போகோணும் கா. இதையும் சேத்துப் பாத்துக்கொள்ளுவீங்களா?" என்று கேட்டாள். விடை வர முன்னமே காசைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு லொறி வரவில்லை. இரவு அவள் வந்து நின்றாள், நான் போய்ப் படுத்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு பேருக்கும் கிடைத்தது. நிரம்பின சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கும்போது அவள் சொன்னாள்: "இவ்வளவு பாடுபட்டு எடுத்து, இதை வேற ஆக்கள்ர குசினியில கொண்டு போய் வைக்கப்போறம். எங்கட எண்டு ஒரு அடுப்பு இருந்தா மறுகா என்னத்துக்கு இந்தச் சீரழிவு?"

நாலு பேர் சேர்ந்தால் ஒரு வீடு எடுக்கலாம் என்று அன்றைக்கே கணக்குப் பார்த்தோம்.

மற்ற இரண்டு பேரைத் தேடியதில்தான் நான் பிழைவிட்டேன். 'ஒத்த மனம்' என்றால் என்ன என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. வாசிக்கிற பழக்கம் இருக்க வேண்டும். அரசியலில் கண் திறந்திருக்க வேண்டும். கலியாணம் கட்டாத பெண்ணைப் பாவமாகப் பார்க்கக்கூடாது. சத்தமாக ரிவி பார்க்கக்கூடாது. அந்தப் பட்டியலுக்கு முழுதாகப் பொருந்திய ஒருத்தி வந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவள், என் வயது. காலிமுகத்திடலில் போராட்டம் நடந்த நாட்களில் நானும் அவளும் ஒரே மழையில் நனைந்திருக்கிறோம். எனக்குப் பிடித்த கவிதை அவளுக்கும் பிடிக்கும். ஒரு சைவக்கடையில் மூன்று பிளேன் டீ குடித்து முடிய முன்னம் எந்த அறை யாருக்கு என்றுகூடப் பேசிவிட்டோம். நாலாவது ஆளாக மலையகத்து ஹற்றன் பிள்ளை ஒருத்தி வரப்போகிறாள், வங்கியில் வேலை என்று சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தோட்டத்து ஆக்களோ? எனக்கொரு பிரச்சினையும் இல்லை. ஆனா குசினி ஒண்டாப் பாவிக்கிறது... அம்மா வந்து நிக்கேக்க கரைச்சல்."

அவளுடைய அம்மாவை இதற்குள் கொண்டுவந்ததுதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. ஊரில் சாதி அறிய "எந்தப் பக்கம், ஆற்றை பிள்ளை" என்று கேட்கும் கிழடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் நேரே கேட்பார்கள். இவள் நூறு நல்ல வார்த்தை பேசிவிட்டு, பானைக்கு வந்த இடத்தில் அப்படியே நின்றாள். அவள் போன பிறகு என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் பானை பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கேள்வி எனக்கு வராமல் போனதற்குக் காரணம், என்னை யாரும் பானைக்கு வெளியே நிறுத்தியதில்லை. மாதத்தில் மூன்று நாள் போக.

ஹற்றன் பிள்ளை எங்களில் இளையவள், அப்போது இருபத்தாறு வயது. வீடு பார்க்க முதல் நாள் அவளோடு காலி வீதிக்குத் தரைப் பக்கமாக நடந்து போனபோது ஒரு ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டாள். "அக்கா, எங்க பெரியம்மா இந்த ரோட்டுலதான் வேலைக்கி இருந்தாங்க. பன்னெண்டு வயசுல கொண்டு வந்து விட்டாங்களாம். குசினிலதான் படுப்பாங்க. ஒரு தடவை எங்க அம்மா பாக்க வந்தப்ப, பின்பக்கத்தால வரச் சொன்னாங்களாம்." சொல்லிவிட்டு ஒழுங்கையின் மறு அந்தம்வரை பார்த்தாள். எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. அங்கே இப்போது வீடே இல்லை, ஏழு மாடி அபார்ட்மென்ட். வேலை செய்தவர்கள் தமிழர், வேலை வாங்கியவர்களும் தமிழர். அடுத்த வருடம், 2023இல், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம். 1948இல் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது அரசாங்கம். அதைப் பற்றி நாங்கள் நன்றாக எழுதுகிறோம், பேசுகிறோம். கொழும்பில் எங்கள் குசினித் தரையில் படுத்த பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

வீட்டுக்குப் பதினான்கு இடம் ஏறி இறங்கினோம். 'குடும்பத்துக்குத்தான்' என்று ஒன்பது பேர் சொன்னார்கள். நாலு பெண்கள் தனிய என்றால் ஒன்று சந்தேகம், அல்லது நாலும் நாலு பக்கம் ஓடிவிடும் என்ற பயம். வீட்டுக்காரருக்கு இன்னொரு பழைய பயமும் உண்டு. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவரை லேசில் எழுப்ப முடியாதபடி பாதுகாத்தது. பிறகு திருத்தங்கள் வந்தும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று அட்வான்ஸ். கடைசியில் ஒரு பழைய மாடிவீட்டின் மேல்தட்டைத் தந்தவர் கீழே தனியே இருந்த சிங்கள அம்மா ஒருவர், ஓய்வுபெற்றவர். அவர் எங்கள் ஊரையோ கலியாணத்தையோ கேட்கவில்லை. எத்தனை வருடம் இருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தேன். கொழும்பில் ஒரு இடத்தில் மூன்று வருடம் இருப்பேன் என்று அதற்கு முன் என் வாயால் சொன்னதில்லை.

வாடகை 110,000. ஆறு மாத அட்வான்ஸ் 660,000, ஆளுக்கு 165,000. என் சேமிப்பு அத்தோடு சரி. இந்த இடத்தில் நிதானமாக இருங்கள் என்று கேட்டவர்களுக்குச் சொல்வேன். வீட்டுக்காரருக்கு ஒரு பெயர் போதும், கதைக்க லேசு. புரோக்கரும் அதைத்தான் சொல்வார். அதற்கு விடாதீர்கள். ஒருத்தியின் பெயரில் எழுதினால் கடனும் பொறுப்பும் அவள் தலையில். மற்ற மூன்று பேரும் சட்டத்தின் கண்ணில் அவளுடைய விருந்தாளிகள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிஸ் முன்னால் இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும். அது 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற கட்டளைச் சட்டம். நாங்கள் நாலு பெயரையும் போட்டோம், நாலு அடையாள அட்டை இலக்கத்தோடு. எங்களுக்குள் வேறாக ஒரு தாளும் எழுதினோம்: போகிறவள் இரண்டு மாதம் முன்னமே சொல்ல வேண்டும், புதிதாக வருகிறவள் கட்டும் அட்வான்ஸ்தான் போகிறவளுக்குப் போகும், வருகிறவளை மற்ற மூன்று பேரும் சரி என்றால்தான் எடுப்பது.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். ஒப்பந்தங்களைப் பகலெல்லாம் தமிழாக்கியிருக்கிறேன். ஆனால் என் பெயர் இருந்த முதல் ஒப்பந்தம் அதுதான்.

குடிபோன அன்றைக்கு லொறியை நேரே மொறட்டுவைக்கு விட்டோம். மரவேலைக்குப் பெயர் போன ஊர். சாப்பாட்டு மேசை ஒன்று பேசி வைத்திருந்தோம், பலா மரம், ஆறு கதிரை. நாலு பேருக்கு ஏன் ஆறு என்று தச்சர் கேட்டார். ஆக்கள் வருவினம் என்று தாதி சொன்னாள். எனக்கு அந்த மறுமொழி பிடித்தது. கேற்றடியில் நின்று கதைத்துவிட்டுப் போன தம்பியை நினைத்தேன். காலி வீதியில் மேசைக் கால்கள் வானத்தைப் பார்த்தபடி லொறி வந்தது, நாங்கள் பின்னால் பஸ்ஸில் வந்தோம். மாடிப்படி திரும்புகிற இடத்தில் மேசை சிக்கிவிட்டது. சரித்தால் கால் இடிக்கிறது, நிமிர்த்தினால் கைபிடி இடிக்கிறது. நாலு பேரும் லொறிக்காரத் தம்பியும் முக்கால் மணித்தியாலம் மல்லுக்கட்டினோம். கடைசியில் அது உள்ளே வந்தபோது சுவரில் ஒரு சாண் நீளத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஹற்றன் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்:

"அக்கா, யாராச்சும் போனா மேச யாருக்கு?"

யாரும் யோசித்திருக்கவில்லை. தாதிதான் சொன்னாள். "ஒருத்தருக்கும் இல்ல. மேசை வீட்டுக்கு."

அந்தத் தாளில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

ஐந்தாம் மாதமே ஒருத்தி போனாள். அந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக்காரிக்குப் பதிலாக வந்திருந்தவளைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை, எழுதவும் பெரிதாக இல்லை. மூன்று வருடம் என்று எங்களோடு சேர்ந்து சொன்னவள், அப்போதே அவளுடைய கனடாப் பத்திரம் உள்ளே போயிருந்தது. இரண்டு மாதம் முன்னமே சொல்லவும் இல்லை, இரண்டு கிழமையில் பறந்தாள். அவளுடைய 165,000ஐ நாங்கள் மூன்று பேரும் கடன்பட்டுக் கொடுத்தோம், விமான ரிக்கற்றுக்குத் தேவை என்று அழுதாள். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போன நாடு இது. போகிறவளை என்னவென்று பிழை சொல்வது? மறைத்தது பிழை. அவளுடைய அறையைத் துப்புரவாக்கப் போனபோது பார்த்தேன், ஐந்து மாதத்தில் சுவரில் ஒரு ஆணி இல்லை. பார்த்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும்.

அந்த அறைக்கு வந்தவர்தான் டீச்சர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், வேதக்காரர், ஐம்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டவில்லை. என் பழைய பட்டியலின்படி அவர் எதற்கும் பொருந்த மாட்டார். விடிய ஐந்து மணிக்கு ரேடியோவில் செபம். புத்தகம் வாசிப்பதில்லை. தேர்தல் என்றால் வாக்குப் போட்டுவிட்டு வந்து பேசாமல் இருப்பார். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். "அண்ணன்ட வீட்டுல முப்பது வருஷம் இருந்திட்டன். அவருடைய பிள்ளைகளை வளர்த்ததும் நான்தான். அவங்க நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா அந்த வீட்டுல எனக்கெண்டு இருந்தது ஒரு லாச்சி." அவர் சாமான் கொண்டுவந்த நாள் நான் பல்கனியிலிருந்து பார்த்தேன். லொறியிலிருந்து ஆட்டுக்கல் ஒன்று இறங்கியது. அவருடைய அம்மாவின் கல்லாம், அண்ணன் வீட்டில் கிரைண்டர் வந்த பிறகு கோடியில் கிடந்ததாம். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கேள்வி எதுவும் கேட்காமலே சேர்த்திருக்கலாம் அவரை.

கூட்டாக இருந்தால் எல்லாம் மலிவு என்று நினைப்பவர்களுக்குக் கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாடகை மலிவு, சாப்பாடு மலிவு, காஸ் மலிவு. கரண்ட் அப்படியில்லை. இங்கே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. பாவிக்கும் அலகு கூடக் கூட அலகின் விலையும் கூடும், 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. நாலு பேர் நாலு அனெக்ஸில் ஐம்பது ஐம்பது அலகு எரித்தால் எல்லோரும் கீழ்ப்படியில் நிற்பார்கள். அதே நாலு பேர் ஒரு மீற்றரில் சேர்ந்தால் உச்சிக்குப் போய்விடுவார்கள். 2022 ஆவணியில் கட்டணம் சராசரி 75 வீதத்தால் ஏறியது. நாங்கள் குடிவந்த அடுத்த மாதமே, 2023 மாசியில், இன்னும் 66 வீதம். தாதிக்கு இரவு டியூட்டி. பகலில், கொழும்பு வெக்கையில், பஸ் ஹோர்னுக்கு யன்னலைப் பூட்டிக்கொண்டு தூங்க வேண்டும். ஏசி ஒன்று தவணைக்கு எடுத்துப் பூட்டினாள். அடுத்த பில்லைப் பார்த்து நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன்.

ஏசிக்கு மட்டும் ஒரு சப் மீற்றர் போட்டோம். அலகு எத்தனை என்று அது சொல்லும், விலை என்ன என்று சொல்லாது. ஏசி இல்லாவிட்டால் நாங்கள் 180க்குள் நிற்போம். ஆகவே அவளுடைய அலகெல்லாம் உச்சப் படி விலையில்தான் போக வேண்டும் என்பது ஒரு நியாயம். கரண்ட் எல்லோருக்கும் பொது, எந்த அலகு முதலில் எரிந்தது என்று யார் கண்டது, சராசரி விலைதான் சரி என்பது மற்ற நியாயம். இரண்டு மாதம் அந்த மேசையில் இதுதான் கதை. ஒரு நாள் டீச்சர் எழும்பிப் போய்விட்டார். முடித்துவைத்தவள் ஹற்றன் பிள்ளை. வங்கிக்காரி, கொப்பியில் இரண்டு விதமாகவும் கூட்டிக் கழித்துக் காட்டினாள். வித்தியாசம் எங்கள் மூன்று பேருக்கும் மாதம் ஆளுக்குக் கொஞ்சக் காசு, தாதிக்கு அது மும்மடங்கு. பிறகு கொப்பியை மூடிவிட்டுச் சொன்னாள்: "கணக்குப்படி அக்காதான் கூடக் கட்டணும். ஆனா அவங்க தூங்காம போய் யாருக்காச்சும் ஊசி மாத்திப் போட்டுட்டா? சராசரியே போடுவோம்." அப்படியே போட்டோம். கணக்கைச் சரியாகப் பார்த்த பிறகு விட்டுக்கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பார்க்காமல் விட்டுக்கொடுத்திருந்தால் அது ஒரு வருடத்தில் புண்ணாகியிருக்கும்.

சமையல் ஒன்றுதான். ஆரம்பத்தில் ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்து, அது நிலைக்கவில்லை. இப்போது யார் வீட்டில் நிற்கிறாரோ அவர். வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை, சட்டி வேறாக இருக்கும், மேசை ஒன்று. இரவு பத்து மணிக்குப் புட்டுப்பானையில் ஒருத்தியின் பங்கு மூடி வைத்திருக்கும்.

2024 கடைசியில் குடிசனத் தொகைமதிப்புக்கு ஆள் வந்தார். 2012க்குப் பிறகு அப்போதுதான் எடுக்கிறார்கள். இளம் பிள்ளை, கையில் டெப். மேசையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். நாலு பெயரையும் கேட்டு எழுதிவிட்டு, "ஒரே சமையலா, வேற வேறயா?" என்றார். ஒரே சமையல் என்றோம். அப்போ ஒரு வீட்டுத்துறை என்று தட்டினார். அந்த வரைவிலக்கணத்தை நான் மொழிபெயர்ப்பு வேலையில் கண்டிருக்கிறேன். ஒன்றாக வசித்து, சமைப்பதற்கும் உண்பதற்கும் பொதுவான ஒழுங்கு வைத்திருக்கிறவர்கள் ஒரு வீட்டுத்துறை. இரத்த உறவு அதில் நிபந்தனை இல்லை. எத்தனையோ தரம் அந்த வசனத்தைக் கடந்து போயிருக்கிறேன், எங்களைப் பற்றியது என்று பட்டதில்லை.

"தலைவர் யார்?"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "எனக்கு ஏலாது, வேற ஆளைப் போடுங்க. நான் ஒருநாளும் அப்படி இருந்ததில்ல." அந்தப் பிள்ளை பொறுமையாக, சம்பளம் கூடினவர் என்று இல்லை மிஸ், நீங்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்கிற ஆள்தான் என்றார். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு, எழுத்துக்கெழுத்தாகச் சொன்னார், வகுப்பில் டிக்டேஷன் சொல்வது போல. எங்கள் மூன்று பேருக்கும் நேரே 'உறவினர் அல்லாதவர்' என்று விழுந்தது.

குத்தகையைப் போன தையில் புதுப்பித்தோம், வாடகை கூடியிருக்கிறது. இப்போது தாதி போகப்போகிறாள். இங்கிலாந்தில் வேலை சரிவந்திருக்கிறது. கடிதம் வந்த அன்றைக்கே மேசையில் வைத்துச் சொன்னாள், மூன்று மாதம் இருக்கிறது. டீச்சர் அழுதார். நான் அவளுடைய அறைக்குப் போய் நின்றேன். சுவரில் ஏழு ஆணி. அம்மா அப்பாவின் படம், கல்லடிப் பாலத்தின் படம், கலண்டர், டியூட்டிப் பட்டியல்.

ஏசித் தவணை இன்னும் இரண்டு மாதம் மிச்சம். அதைக் கழற்றி வித்துத் தாறன், காசு உனக்கு உதவும், என்றேன்.

"கட்டி முடிச்சிட்டுத்தான் போவன்," என்றாள். "கழட்டாதீங்க கா. வாறவளும் நைட் டியூட்டிக்காரியா இருந்தா? ஏசி வீட்டுக்கு."